நடைபாதையில் ஒரு நகரத்தின் அடுப்படி

(இளங்கலைப் பொருளாதாரம், மூன்றாம் ஆண்டு)

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. அயல்நாட்டில் போய் இறங்கும் பிள்ளைக்கு அந்த வாய் இரண்டு வகையில் பயன்பட வேண்டும். ஒன்று வழி கேட்பதற்கு, மற்றொன்று உண்பதற்கு. வழி கேட்பது எளிது. பையில் அளவான பணத்தை வைத்துக்கொண்டு ஒரு பெருநகரத்தில் நல்ல உணவைத் தேடி உண்பது அப்படி எளிதன்று. அதற்குக் கண் வேண்டும், பொறுமை வேண்டும், கொஞ்சம் கூச்சமின்மையும் வேண்டும்.

2024-ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் பாங்காக் நகரில் மூன்று வாரம் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. என் பெரியப்பா மகன் அங்கே சீலோம் சாலையை அடுத்த பகுதியில், நகைக்கற்கள் விற்கும் கடை ஒன்றில் கணக்கராக வேலை பார்க்கிறார். 2015-இல் சென்றவர். விமானச் சீட்டு அவர் எடுத்துக் கொடுத்தது. கைச்செலவுக்குப் பணம் என் தந்தையார் எண்ணிக் கொடுத்தது. அந்த மூன்று வாரத்தில் நான் கண்ட அரண்மனையையும் கோயில்களையும் பற்றி எழுதப் போவதில்லை. அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது ஒரு தட்டுச் சோற்றைப் பற்றி. அதன் விலை ஐம்பது பாத். பாத் என்பது அந்நாட்டு நாணயம். நான் சென்ற போது ஒரு பாத் நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டேகால் ரூபாய்.

முதல் நாள் பாடம்

முதல் நாள் அண்ணன் கடைக்குப் போய்விட்டார். தனியே கிளம்பிய நான் பெரிய சாலையில் இருந்த குளிரூட்டிய உணவகம் ஒன்றினுள் நுழைந்தேன். வாயிலில் ஆங்கிலப் பலகை. உள்ளே வண்ணப் படங்கள் போட்ட விலைப்பட்டியல். ஒரு சோறு, தேங்காய்ப்பால் ஊற்றிய ஒரு பச்சைக் கறி, ஓர் இளநீர் - இவ்வளவுதான் உண்டேன். நானூற்று எண்பது பாத் என்று சீட்டு வந்தது. ஆயிரம் ரூபாய்க்கு மேல்! கறியிலாவது உறைப்பு இருந்ததா? இல்லை. வெள்ளைக்காரர்களின் நாக்குக்கு அஞ்சி மிளகாயைக் குறைத்துச் சர்க்கரையைக் கூட்டியிருந்தார்கள்.

மாலையில் அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அவன் உனக்குச் சோறு போடலைடா. ஏ.சி.க்கு வாடகை வாங்கியிருக்கான். நாளைக்குக் காலையிலே என்கூட வா, இந்த ஊர் எங்கே சாப்பிடுதுன்னு காட்டுறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் முழுப் பாடமும் அடங்கியிருந்தது. 'எங்கே நல்ல உணவு கிடைக்கும்?' என்று நாம் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த ஊர் எங்கே சாப்பிடுகிறது?' என்பதே.

எங்கே தேடுவது?

பாங்காக்கில் கிளைத் தெருவை 'சோய்' என்கிறார்கள். ஒவ்வொரு சோயின் முனையிலும் ஆரஞ்சு நிற மேற்சட்டை அணிந்த வாடகை மோட்டார் சைக்கிள்காரர்கள் காத்திருப்பார்கள். நாள் முழுதும் தெருவிலேயே இருப்பவர்கள், வரும்படி குறைந்தவர்கள், உடல் உழைப்பவர்கள். அவர்கள் எந்தக் கடையில் உட்காருகிறார்களோ அங்கே உணவு மலிவாகவும் இருக்கும், வயிற்றை ஏமாற்றாததாகவும் இருக்கும். அண்ணன் சொல்லிக் கொடுத்த முதல் அடையாளம் இது. மூன்று வாரத்தில் ஒரு முறையும் பொய்க்கவில்லை.

இரண்டாவது அடையாளம், தட்டங்கள். காலையில் பத்துப் பன்னிரண்டு எவர்சில்வர் தட்டங்களில் குழம்பு, வதக்கல், பொரியல் எல்லாம் சமைத்து வரிசையாக வைத்திருக்கும் கடைக்கு 'காவ் கேங்' கடை என்று பெயர். காவ் என்றால் சோறு. கேங் என்றால் குழம்பு. அதாவது நம் 'சோறு-குழம்பு' கடையேதான்! மொழி தெரிய வேண்டியதில்லை. விரலால் சுட்டினால் போதும். சோற்றின் மேல் ஒன்று ஊற்றினால் ஐம்பது பாத். இரண்டு ஊற்றினால் அறுபது. பொரித்த முட்டைக்குப் பத்து. ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னரே போய்விட வேண்டும். இரண்டு மணிக்குப் போனால் காலித் தட்டங்களைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். மீந்த குழம்பு இல்லாத கடையே நல்ல கடை என்பது இங்கே நான் கற்றது.

மூன்றாவது, ஒரு கடைக்கு ஒரு பண்டம். கோழிச் சோறு விற்பவர் அது ஒன்றையே விற்கிறார். நூடுல்ஸ் விற்பவர் அது ஒன்றையே. முப்பது ஆண்டுகள் ஒன்றையே சமைத்த கைக்கும், எண்பது பண்டங்களின் பட்டியல் வைத்திருக்கும் கைக்கும் வேறுபாடு இருக்காதா? வெற்றிச் சின்னத்தின் அருகே 'படகு நூடுல்ஸ்' கடைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் கால்வாய்ப் படகுகளில் விற்றது. கிண்ணம் இரண்டு மூன்று வாய்க்குத்தான் வரும். உண்பவர்கள் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். முடிவில் அடுக்கை எண்ணிப் பணம் வாங்குகிறார்கள். பன்னிரண்டு கிண்ணம் அடுக்கிய ஒரு மாணவனை என் கண்ணால் கண்டேன்.

நான்காவது, வடகிழக்குப் பகுதியாகிய ஈசானிலிருந்து பிழைக்க வந்தவர்களின் கடைகள். பச்சைப் பப்பாளிக்காயைச் சீவி, மிளகாய், பூண்டு, எலுமிச்சைச் சாறு, மீன் சாறு சேர்த்து உரலில் இடித்துக் கொடுக்கும் 'சொம் தாம்', சுட்ட கோழி, மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு. டாக்சி ஓட்டுநர்களில் ஈசான்காரர்கள் மிகுதி. ஆகவே டாக்சிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் இந்தக் கடையும் இருக்கும். தாய்லாந்துக்காரர்கள் பொதுவாக வலக்கையில் கரண்டியும் இடக்கையில் முள்கரண்டியும் கொண்டு உண்பவர்கள். ஆனால் ஒட்டரிசிச் சோற்றைக் கையால்தான் உருட்டி உண்கிறார்கள். அந்தக் கடையில்தான் நான் முதன்முதலாக வீட்டில் இருப்பதுபோல் உட்கார்ந்தேன்.

ஐந்தாவது, பொதுச் சிற்றுண்டிச்சாலைகள். பல்கலைக்கழகம், மருத்துவமனை, அலுவலகக் கட்டடம் ஆகியவற்றில் அங்கு வேலை செய்பவர்களுக்காக நடத்தப்படும் சாலைகளில் வெளியாரும் பல இடங்களில் உண்ணலாம். பெரிய வணிக வளாகங்களில்கூட முன்பணம் கட்டி அட்டை வாங்கிக்கொண்டு உண்ணும் மலிவான கூடம் ஒன்று மேல்மாடியிலோ கீழ்த்தளத்திலோ இருக்கும். பளபளப்பைக் கண்டு அஞ்சாமல் அந்த மாடிவரை ஏறிப் பார்க்க வேண்டும்.

சுவையைப் பற்றியும் ஒரு சொல். நம் நாக்குக்கு அந்த உணவு அந்நியமன்று. புளி உண்டு, தேங்காய்ப்பால் உண்டு, அரத்தை உண்டு. நம்மைப் போலவே அவர்களும் மிளகாயைப் போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின் அறிந்து, தமக்கே உரியதாக்கிக் கொண்டவர்கள். 'பட் கப்ராவ்' என்று ஒன்று: நறுக்கிய இறைச்சியையும் மிளகாயையும் கொதிக்கும் எண்ணெயில் வதக்கி, ஒரு பிடி இலையைப் போட்டுப் புரட்டுகிறார்கள். அந்த இலை எது தெரியுமா? நம் பெருமாள் கோயில் துளசி! மேசையின் மீது சர்க்கரை, மிளகாய்த்தூள், மீன் சாறு, மிளகாய் ஊறிய காடி என்று நான்கு கிண்ணங்கள் இருக்கும். கடைசிச் சுவையை உண்பவனே கூட்டிக்கொள்கிறான். சமைப்பவளுக்கும் உண்பவனுக்கும் இடையே இப்படி ஓர் ஒப்பந்தம்!

சைவ உணவு உண்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். காய்கறி வதக்கலில்கூட மீன் சாறு சேரும். 'ஜே' என்ற எழுத்துள்ள மஞ்சள் கொடி பறக்கும் கடைகளில் புலால் அறவே இல்லை. 1985 முதல் 1992 வரை பாங்காக்கின் ஆளுநராக இருந்த சம்லோங் ஸ்ரீமுவாங் புலால் உண்ணாதவர்; அவர் சார்ந்த சாந்தி அசோக் என்னும் பௌத்தக் குழுவினர் மிக மலிவான சைவ உணவு விடுதிகளை நடத்திப் பெயர் பெற்றவர்கள். இசுலாமிய நண்பர்கள் பிறை பொறித்த ஹலால் பலகையைத் தேடினால் போதும். மஞ்சள் சோற்றில் கோழி வைத்த அவர்களுடைய பிரியாணி எந்தப் பகுதியிலும் கிடைக்கும்.

புகழ் வேறு, மலிவு வேறு

'பத்திரிகைகள் பாராட்டிய கடைக்குப் போகலாமே' என்று சிலர் கேட்கலாம். பாராட்டும் மரபு அங்கே பழையது. மொம் ராச்சவோங் தனட்ஸ்ரீ ஸ்வஸ்தி என்னும் அரச குலத்தவர் 1961-இல் 'ஷெல் சுவன் சிம்' என்ற பெயரில் கடைகளைச் சுவைத்து எழுதத் தொடங்கினார். அவர் 2019-இல் மறைந்தார். அவர் வழங்கிய கிண்ணச் சின்னம் இன்றும் பல பழைய கடைகளின் சுவரில் இருக்கிறது. அது உள்ளூர் மக்களுக்காக உள்ளூர்க்காரர் சொன்ன சொல்.

2017 டிசம்பரில் பாங்காக்குக்கு மிஷலின் வழிகாட்டி வந்தது. எண்ணெய் தெறிக்காமல் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து, கரியடுப்பில் சமைக்கும் ஜே ஃபாய் என்ற மூதாட்டிக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. ஓர் உழைப்பாளிப் பெண்ணுக்குக் கிடைத்த பெருமை, மகிழ்வோம். ஆனால் அவருடைய நண்டு ஆம்லெட்டின் விலை ஆயிரம் பாத்துக்குக் குறையாது; அதற்கும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தெருவோரத்தில் இருப்பதெல்லாம் ஏழையின் உணவாகிவிடாது. புகழுக்காக உண்பவர்கள் அங்கே போகட்டும். பசிக்காக உண்பவர்கள் ஆரஞ்சுச் சட்டைகளின் பின்னால் போகட்டும்.

ஏன் மலிவு?

பொருளாதாரம் படிக்கும் மாணவன் ஆதலால் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மலிவு வானத்திலிருந்து விழுவதில்லை. கடைக்கு வாடகை இல்லை, அல்லது மிகக் குறைவு, நடைபாதையே கடை. சம்பள ஆள் இல்லை. கணவன் வெட்டுகிறான், மனைவி வதக்குகிறாள், மகள் தட்டுக் கழுவுகிறாள். ஒரே பண்டம் ஆகையால் வீண் இல்லை. குலோங் தோய் போன்ற பெரிய சந்தைகளில் இரவெல்லாம் வணிகம் நடப்பதால் விடியுமுன்னே சரக்கு கிடைத்துவிடுகிறது.

வாங்குவோர் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. பாங்காக்கில் கூலி வேலை செய்வோர் தங்கும் ஒற்றை அறைகள் பலவற்றில் அடுப்படியே கிடையாது. என் அண்ணன் அறையிலும் அப்படித்தான். ஒரு மின்சாரக் கெட்டிலோடு சரி. மாலையில் வேலை விட்டுப் போகும் பெண்கள் குழம்பைப் பிளாஸ்டிக் பைகளில் ரப்பர் வளையம் போட்டு வாங்கிப் போகிறார்கள். 'பிளாஸ்டிக் பை இல்லத்தரசிகள்' என்று அவர்களைக் கேலியாகச் சொல்லும் வழக்கே அந்நாட்டில் உண்டு. கேலி செய்பவர்கள் வீட்டில் அடுப்படி இருக்கிறது போலும்! அடுப்படி இல்லாத இலட்சக்கணக்கான அறைகளுக்கு நடைபாதையே அடுப்படி.

பாங்காக்கில் ஒரு நாளைய குறைந்தபட்சக் கூலி 2012-இல் 300 பாத். 2025 ஜூலையில் 400 பாத் ஆயிற்று. நானூறு பாத் வாங்குபவன் மூன்று வேளையும் ஐம்பது பாத்தில் உண்டால் நூற்றைம்பது போக இருநூற்றைம்பது மிஞ்சும். அதில் வாடகை, பேருந்து, ஊருக்கு அனுப்பும் பணம். ஐம்பது எண்பதானால் என்ன ஆகும்? கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். முதலாளி உயர்த்திக் கொடுத்த கூலியைச் சோறு தின்றுவிடும். ஆகவே தெருக்கடைக்காரி தன் மலிவால் அந்த நகரத்தின் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் மறைமுகமாக உதவிக்கொண்டிருக்கிறாள். இதற்காக அவளுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

அழகா, வயிறா?

நன்றி சொல்லாவிட்டாலும் போகட்டும். 2014-இல் இராணுவ ஆட்சி வந்தபின், நடைபாதையை நடப்பவர்களுக்கே திருப்பித் தருவோம் என்று நகர நிருவாகம் பகுதி பகுதியாகக் கடைகளை அகற்றத் தொடங்கியது. 2017 ஏப்ரலில், ஐம்பது மாவட்டங்களிலும் தெருக்கடைகளை அகற்றப் போவதாக அறிவிப்பு வந்தது. உலகெங்கும் கூக்குரல் எழுந்ததும், சுற்றுலாப் பயணிகள் திரளும் யவோராத்திலும் காவ் சானிலும் கடைகள் தொடரும் என்று விளக்கம் சொன்னார்கள். இந்த விளக்கம்தான் என் மனத்தை உறுத்துகிறது. வேடிக்கை பார்க்க வருபவன் உண்ணும் கடை இருக்கலாம். வேலை செய்ய வருபவன் உண்ணும் கடை போகலாம் என்பதா நியாயம்?

வரலாற்றில் ஒரு வேடிக்கையும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிபுன் சொங்க்ராம் அரசு, நூடுல்ஸ் உண்ணுங்கள், நூடுல்ஸ் விற்றுப் பிழையுங்கள் என்று மக்களை ஊக்கியது. இன்று உலகறிந்த 'பட் தாய்' பரவியது அந்த நாளில்தான். வண்டி தள்ளச் சொன்னதும் அரசு. பின்னாளில் வண்டியைத் தள்ளிவிட்டதும் அரசு!

எதிர்த்தரப்பையும் எண்ணிப் பார்க்கிறேன். நடைபாதை நடப்பதற்கு உரியது என்பது உண்மை. சக்கர நாற்காலியில் வருபவரும், பார்வையற்றவரும், குழந்தையைக் கைப்பிடித்து வரும் தாயும் கடைகளைச் சுற்றிச் சாலையில் இறங்கி நடக்க நேர்ந்ததை நானே கண்டேன். எண்ணெய்க் கழிவைச் சாக்கடையில் ஊற்றுவதையும் கண்டேன். இவை குற்றங்களே. ஆனால் நோய்க்கு மருந்து நோயாளியை ஊரைவிட்டு ஓட்டுவதன்று. சிங்கப்பூர் 1971 முதல் 1986 வரை படிப்படியாகத் தன் தெருக்கடைக்காரர்களைக் குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் உள்ள பொது வளாகங்களுக்குள் கொண்டுவந்தது. 2020-இல் யுனெஸ்கோ அந்தப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்துப் பெருமை செய்தது. பாங்காக்கும் அண்மைக் காலத்தில் இத்தகைய வளாகங்களைத் தொடங்கியிருக்கிறது. நன்று. ஆனால் அவை உழைப்பவன் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். வாடகை ஐம்பது பாத் சோற்றைத் தாங்கும் அளவில் இருக்க வேண்டும். இல்லையேல் அதுவும் இன்னொரு குளிரூட்டிய உணவகமே.

'பா'வைத் தேடி

இவ்வளவு அழுத்தமாக நான் பேசுவதற்குக் காரணம் ஒரு மூதாட்டி. அண்ணன் 2015-இல் பாங்காக்கில் இறங்கியபோது முதல் மாதச் சம்பளம் மாத முடிவில்தான் என்றார்கள். கையில் காசு தீர்ந்துவிட்டது. சோய் முனையில் ஒரு காலி மனையை ஒட்டிக் 'காவ் கேங்' கடை வைத்திருந்த அந்த அம்மையார், மொழி தெரியாத இந்தப் பிள்ளை தயங்கி நிற்பதைப் பார்த்துத் தட்டை நீட்டினார். காசில்லை என்று அண்ணன் கைவிரித்துக் காட்ட, 'பிறகு' என்று அவர் கையசைத்தார். பதினேழு நாள் அப்படி உண்டாராம். சம்பள நாளன்று பணத்தை நீட்டினால், அந்த அம்மையார் விரல் விட்டு எண்ணிப் பத்து நாளைக்கு மட்டும் எடுத்துக்கொண்டாராம். அவர் பெயர் அண்ணனுக்குத் தெரியாது. எல்லோரையும் போல 'பா' என்றே அழைத்தார். அந்த மொழியில் 'பா' என்றால் பெரியம்மா.

2019-இல் அந்த மனை விற்கப்பட்டு, அடுக்குமாடிக் கட்டடம் எழுந்தது. கடை போயிற்று. நான் சென்றிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாடா, பாவைத் தேடிப் பார்ப்போம்" என்றார் அண்ணன். வழக்கம்போல ஆரஞ்சுச் சட்டைக்காரர்களைத்தான் கேட்டோம். நான்காவது ஆள் சிரித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

நான்கு தெரு தள்ளி, ஒரு சந்துக்குள், வாடகை வீட்டின் முன்திண்ணையில் ஐந்து தட்டங்களோடு பா உட்கார்ந்திருந்தார். முன்பு பன்னிரண்டு தட்டங்களாம். அண்ணனைக் கண்டதும் எழுந்துவந்து கன்னத்தைத் தட்டினார், 'ஒல்லியாகிவிட்டாய்' என்றாராம். மூன்று மணிக்கே எழுந்து சமைப்பதும், முட்டியில் வலி இருப்பதும் முன்போலவே. புதிதாக வந்திருப்பது வாடகை. விலை கேட்டேன், ஐம்பது பாத்துதான். ஏற்றக் கூடாதா என்று அண்ணன் வழியாகக் கேட்டேன். அவர் சொன்னதை அண்ணன் தமிழில் சொன்னார்: "ஏத்தினா என் ஆளுங்க எங்கே போய்ச் சாப்பிடுவாங்க?"

விலையை அவர் ஏற்றவில்லை. சோற்றின் அளவைத்தான் சிறிது குறைத்திருந்தார். அதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் தட்டுகளில் மட்டும் சோறு குறையவில்லை. மேலே ஒரு பொரித்த முட்டையும் இருந்தது. அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நண்பர்களே, மலிவான நல்ல உணவைத் தேடிப் போன நான் கண்டுகொண்டது இதுதான். அந்த மலிவின் ஒரு பகுதியை நடைபாதை கொடுக்கிறது. மறு பகுதியைப் பா போன்றவர்களின் முட்டி வலி கொடுக்கிறது. நடைபாதையைப் பறித்துக்கொண்டால் முழுச் சுமையும் அந்த முட்டியின் மீதே விழும். ஒரு நகரத்தின் அழகை அளப்பவர்கள் அதன் கோபுரங்களை அண்ணாந்து பார்க்கட்டும். நான் இனி எந்த நகரத்துக்குப் போனாலும், அங்கே நாள் கூலி வாங்குபவன் பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே உட்கார்ந்து, என்ன விலைக்கு உண்கிறான் என்றுதான் முதலில் பார்ப்பேன்.